கம்பெனிக்குக் கடன் கொடுத்த முப்பத்தொரு பேர்

மனித நாகரிகத்தின் பெரிய காரியங்கள் எல்லாம் யாரோ ஒருவனுடைய இடுப்புவலியின் மேல்தான் எழும்பி நிற்கின்றன. கோபுரமோ, அணைக்கட்டோ, எதைத் தூக்கிப் பார்த்தாலும் அடியில் ஓர் இடுப்பு முனகிக்கொண்டிருக்கும். 1976-ஆம் வருடம் ஜூலை மாதம் பதினேழாம் தேதி, பீர்மேட்டுக்கு மேலே இருக்கிற எங்கள் வெள்ளிக்குன்று எஸ்டேட்டில், விருந்தாளிகள் கண்டு மகிழும்படி ஒரு சீஸ் தட்டு அடுக்கப்பட்டது. மலைத்தோட்டங்களின் சரித்திரத்தில் அப்படி ஒன்று அதற்கு முன்னால் அடுக்கப்பட்டதில்லை என்று மேனேஜர் தொரையே எழுதியிருக்கிறார். அதன் அடியில் கிடந்த இடுப்பு என்னுடையது.

என் உத்தியோகத்தைச் சொன்னால் இடுப்பு விளங்கும். தேயிலைத் தொழிற்சாலையில் ருசி பார்க்கும் அறை என்று ஒன்று உண்டு. அன்றன்றைக்கு வந்த தூளை வெள்ளைப் பீங்கான் கோப்பைகளில் வடித்து, நீள மேடையில் வரிசையாக வைப்பார்கள். ருசி பார்க்கிறவர் கரண்டியால் எடுத்து, காது கேட்கும்படி உறிஞ்சி, நாக்கில் உருட்டி, மூக்கு வழியாக மணத்தை வெளியே விட்டு, துப்பிவிடுவார். விழுங்கக் கூடாது. விழுங்குகிறவன் தாகம் எடுத்தவன், ருசி தெரிந்தவன் அல்ல. அவர் துப்புவதற்கென்று இடுப்பு உயரத்தில் பித்தளையில் ஓர் எச்சில் தொட்டி இருக்கிறது. அவர் கோப்பைக்குக் கோப்பை நகர நகர, தொட்டியும் பின்னாலேயே நகர வேண்டும். அதற்காகத் தொட்டிக்கு மூன்று சக்கரம் வைத்துச் செய்திருந்தார்கள். 1969-இல் ஒரு சக்கரம் உடைந்தது. புதுச் சக்கரத்துக்கு நான் எழுதிக் கொடுத்த விண்ணப்பம் ஏழு வருடமாக 'பரிசீலனையில்' இருந்தது. அதுவரை மூன்றாவது சக்கரமாக என் இடுப்பு 'தற்காலிகமாக' நியமிக்கப்பட்டிருந்தது.

என் அப்பா தேயிலைச் செடிகளைக் கவாத்து செய்து கிளை வெட்டியவர். அம்மா கொழுந்து எடுத்தவள். அவர்கள் மகன் கூரைக்குக் கீழே நின்று கம்பெனி எச்சிலைத் தூக்குகிறான் என்றால் அது பெரிய முன்னேற்றம் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். என் அண்ணன் மனைவி குருவம்மாள் மட்டும் என்னை 'எச்சி ஆபீசர்' என்று கூப்பிடுவாள். அவள் பிள்ளைகள் கொட்டகையில் ஆயா. தாய்மார்கள் கொழுந்து எடுக்கப் போகிற நேரத்தில் கைக்குழந்தைகளையும் தத்தி நடக்கிறவர்களையும் வைத்துப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அந்த வருடம் முப்பத்தொரு பிள்ளைகள். சட்டப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் நாளைக்கு இரண்டு டம்ளர் பால்.

இனி சீஸுக்கு வருகிறேன்.

முந்தின வருடம் லண்டனிலிருந்து கம்பெனியின் பெரிய தொரை வந்திருந்தார். பங்களாவில் சாப்பாடு முடிந்ததும், "சீஸ் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றார் எங்கள் மேனேஜர் குருவிளா தொரை. பெரிய தொரை "ஆ" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த 'ஆ'வின் பொருளை ஆராய்வதிலேயே எங்கள் மேனேஜருக்கு எட்டு மாதம் போயிற்று. கொச்சி ஆபீசில் அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு வேறு எஸ்டேட் மேனேஜர் ஒருவருக்குப் போனபோது அதன் பொருள் தெளிவாகிவிட்டது. அந்த எஸ்டேட்டில் சீஸ் இருந்ததாம்.

பெரிய தொரை மறுபடி ஜூலையில் வருகிறார் என்று தந்தி வந்ததும் மேனேஜரின் மனைவி தொரைச்சாணி ஓர் இங்கிலீஷ் பத்திரிகையைக் கையில் எடுத்தார். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் கலர் படம். மரப்பலகையில் ஐந்து வகைச் சீஸ். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை, ஒன்றில் ஓட்டை, ஒன்று கறுப்புத் தோல், ஒன்று கல் மாதிரி. நடுவில் திராட்சை. விருந்தாளியின் வயிற்றை விட அவருடைய கண்ணுக்கு முதலில் பசி எடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருப்பதாகத் தொரைச்சாணி எங்களுக்கு விளக்கினார். எங்களுக்கு அது புதுச் செய்தி. நாங்கள் அதுவரை ஒரே இடத்தில்தான் பசி எடுக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

வெளிநாட்டுச் சீஸ் இறக்குமதி கிடையாது. டின்னில் வருவதைத் தட்டில் வைத்தால் கௌரவம் இல்லை. ஆகவே எஸ்டேட்டே தன் சீஸைத் தானே உண்டாக்கிக்கொள்வது என்று தீர்மானித்து மேனேஜர் தொரை ஒரு கமிட்டி போட்டார். அவசரநிலைக் காலம். கமிட்டிகள் மிகச் சிறப்பாக இயங்கிய காலம் அது. ஒருவரும் மறுத்துப் பேசமாட்டார்கள். தலைவர் மேனேஜர் தொரை. தொழில்நுட்பத்துக்குப் பங்களா சமையல்காரர் ஏசுதாஸ். அழகுக்குத் தொரைச்சாணி. தொழிலாளர் தரப்புக்கு யூனியன் செயலாளர் அழகுமலை. ருசி இலாகாவிலிருந்து நான். எனக்கு நாற்காலி இல்லை, நிற்கும் உறுப்பினர்.

மே மாதம் பதினாறாம் தேதி கூட்டம். ஏசுதாஸ் ஒரு சமையல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார். பாலைத் திரிய வைக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற ஏதோ ஒன்று வேண்டுமாம். அது கிடைக்காது என்று கமிட்டி குறித்துக்கொண்டது. எலுமிச்சம்பழத்தை வைத்துச் சமாளிக்கலாம் என்றார் அவர். பால் நிறைய வேண்டும், நாளைக்கு ஒன்பது லிட்டராவது வேண்டும், இரண்டு மாதம் பழகினால்தான் கை வரும் என்றும் சொன்னார்.

எஸ்டேட் தொழுவத்தில் பால் இரண்டு இடத்துக்குப் போகிறது. பங்களாவுக்கு, பிள்ளைகள் கொட்டகைக்கு. பங்களாப் பாலில் காபி, புட்டிங், இரண்டு நாய்கள் ஆகிய 'அத்தியாவசியங்கள்' இருந்தன. கொட்டகைப் பாலில் பிள்ளைகள் மட்டுமே இருந்தார்கள். ஒன்பது லிட்டர் சொச்சம். கணக்கு தானாகவே பொருந்திவிட்டது. கன்றுக்குட்டியின் வயிறு கிடைக்காத இடத்தில் பிள்ளைகளின் வயிறு கிடைத்தது.

முறைப்படி தெரிவிக்க வேண்டும் என்று குருவம்மாளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். இடுப்பில் ஒரு பிள்ளையோடு வந்தாள். கொழுந்து எடுக்கிற மூக்கம்மாளின் மகள் சின்னத்தாயி. இருபது மாதம் ஆகியும் நிற்காத பிள்ளை. டிஸ்பென்சரி கம்பவுண்டர் மருந்துச் சீட்டில் மருந்துக்குப் பதிலாக 'பால்' என்று எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு மாதமாகக் குடித்து, அதற்கு முந்தின நாள்தான் கொட்டகைக் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். குருவம்மாள் விரல் விட்டு எண்ணியிருக்கிறாள். ஏழு எண்ணும்வரை நின்றாள். அதைக் குருவம்மாள் லயத்தில் எல்லா வீட்டிலும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

பால் நிற்கப் போகிறது என்று அழகுமலை மெதுவாகச் சொன்னார். நாடு இருக்கிற இருப்பில் எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும் என்றும் சொன்னார். குருவம்மாள் அவரைப் பார்க்கவே இல்லை.

"தொரை, இது புள்ளைக பாலு. இதை எடுக்கப்பிடாதுன்னு சட்டம் இருக்கில்ல?"

மேனேஜர் தொரை கோபப்படவில்லை. நல்ல மனிதர். கேரளத்துப் பாலா ஊர்க்காரர், தமிழும் மலையாளமும் ஒரே வாயில் பேசுவார்.

"எடுக்கிறதில்லை குருவம்மா. கடம் வாங்குறோம். அதிதிகள் போயிட்டா அத்தனையும் திருப்பித் தராம். ஒரு துள்ளி குறையாம."

"கம்பெனி புள்ளைகள்ட்ட கடன் வாங்குதா?"

"அதே."

"இது இன்னும் நிக்கவே இல்லை தொரை," என்று இடுப்புப் பிள்ளையைக் காட்டினாள். "இதுகிட்டயுமா?"

இதற்கு மேனேஜர் தொரை சிரித்தார். அழகுமலையும் சிரித்தார். குருவம்மாள் சிரிக்காமல், அப்படியானால் எழுதி வையுங்கள் என்றாள். எழுதினார்கள். கமிட்டிப் புத்தகம், தீர்மானம் நான்கு: 'கொட்டகைப் பிள்ளைகள் 31 பேரின் பால், தலைக்குத் தினம் இரண்டு டம்ளர் வீதம், கம்பெனியால் கடனாகப் பெறப்படுகிறது. விருந்து முடிந்ததும் நிலுவை முழுவதும் திருப்பித் தரப்படும்.' கீழே மேனேஜர் கையெழுத்து. சாட்சிக் கையெழுத்து நான். இப்படியாக, பல் முளைக்காதவர்களும் தவழ்கிறவர்களுமான முப்பத்தொரு பேர் லண்டனில் பதிவான ஒரு கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்கள் ஆனார்கள். இப்படிப்பட்ட பெருமை வேறு எந்தத் தேசத்துக் குழந்தைக்கும் கிடைத்திருக்காது. அவர்களுக்கு அது தெரியவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு டம்ளரைத் தூக்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்து அழுதார்கள். குருவம்மாள் கடுங்காப்பியில் வெல்லம் போட்டுக் கொடுத்தாள்.

ஏசுதாஸின் உழைப்பைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். முதல் பதினெட்டு நாள் வந்தது சீஸ் அல்ல. அது என்ன என்று அவருக்கும் தெரியவில்லை, பங்களா நாய்களுக்கும் தெரியவில்லை. பன்னிரண்டாம் நம்பர் மலையில் தேயிலைத் தூருக்குப் போட்டார்கள். அப்புறம் கை வந்தது. படத்தில் இருக்கிற ஐந்து வகையும் வேண்டும் என்பதால் ஒரே பாலை ஐந்து விதமாக வதைத்தார். ஒன்றைத் தொழிற்சாலை மாடியில், கொழுந்து வாட்டுகிற தட்டில் போட்டுக் காற்றடித்தார். கல்லாயிற்று. ஒன்றைத் தேயிலை உலர்த்துகிற அடுப்புப் பக்கம் தொங்கவிட்டுப் புகை ஏற்றினார். ஒன்றுக்கு மஞ்சள் பூசினார். ஒன்றைத் தேயிலைத் தூசில் உருட்டிக் கறுப்புத் தோல் கொடுத்தார். மிஞ்சிய ஒன்றில் ஓட்டை விழவே இல்லை. மூன்று நாள் ஜெபம் செய்துவிட்டு, பழைய குடைக்கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அவரே போட்டார்.

பால் திரிந்தால் மஞ்சள் தண்ணீர் நிறைய வடியும். அதையாவது பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லிக் குருவம்மாள் ஆபீசில் ஒரு மனு கொடுத்தாள். எழுதிக் கொடுத்தது நான். தீர்மானத்தில் 'பால்' என்றுதான் இருக்கிறது, 'தண்ணீர்' என்று இல்லை, ஆகவே இது கமிட்டியின் அதிகாரத்துக்கு வெளியே உள்ள விஷயம் என்று பதில் வந்தது. தண்ணீர் பங்களா ரோஜாச் செடிகளுக்குப் போயிற்று. அந்த வருடம் ரோஜாக்கள் நன்றாக எழுந்து நின்றன.

சின்னத்தாயி ஜூன் முதல் வாரத்தில் மூன்று எண்ணும்வரை நின்றாள். ஜூன் கடைசியில் கதவுநிலையைப் பிடித்தாள், எழவில்லை. ஜூலையில் பிடிக்கவும் இல்லை. குருவம்மாள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். அதற்குப் பதிலாக, பால் நின்ற நாட்களுக்கெல்லாம் சேர்த்துக் கொட்டகைச் சுவரில் கரியால் கோடு போட்டு, அப்புறம் தினம் ஒன்று கூட்டிக்கொண்டே போனாள்.

"என்ன மதினி, தொரை வாராகன்னு கொட்டகைக்கு வெள்ளையடிச்ச அன்னைக்கே கரி பூசுறீக?" என்று கேட்டேன்.

"கடன் குடுத்தவ கணக்கு வைக்கணும்ல, எச்சி ஆபீசரே. நீங்கதான் சாட்சி. மறந்துராதீக."

அறுபத்தொரு கோடு ஆயிற்று.

ஜூலை பதினேழு. விடியற்காலையிலிருந்து மழை. நிகழ்ச்சி நிரல் இப்படி: பத்து மணிக்குத் தொழிற்சாலை வாசலில் கொட்டகைப் பிள்ளைகள் காகிதக் கொடியோடு வரவேற்பு. பதினொன்றுக்கு ருசி பார்க்கும் அறையில் தேயிலை. ஒரு மணிக்குப் பங்களாவில் சாப்பாடும் சீஸ் தட்டும். பெரிய தொரையோடு கல்கத்தாத் தொரை ஒருவர், கொச்சித் தொரை ஒருவர். மூன்று பேரும் வாலிபத்திலிருந்து கோப்பைக்கு முன்னால் நின்று உத்தியோகம் பார்த்தவர்கள். உலகத்துத் தேயிலையில் கால்வாசியை வாயில் வைத்துப் பார்த்து, ஒரு சொட்டும் விழுங்காதவர்கள்.

அவர்கள் நாற்பத்திரண்டு கோப்பை ருசி பார்த்து முடிக்கும்போது செய்தி வந்தது. பங்களா ரோட்டில் பெரிய மரம் விழுந்துவிட்டது, ஜீப் ஏறாது. தொரைச்சாணியும் ஏசுதாஸும் மூன்று ஆட்களும் பாத்திரங்களைத் தலையில் சுமந்துகொண்டு குறுக்குப் பாதையில் சேற்றோடு இறங்கி வந்தார்கள். சாப்பாட்டைக் கிளார்க்குகள் அறையில் போடுவது, சீஸை மட்டும் இங்கேயே, ருசி பார்க்கும் மேடையில் அடுக்குவது என்று முடிவாயிற்று. தொழிற்சாலையில் வெள்ளையாக இருந்த இடம் அது ஒன்றுதான். வடக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, நல்ல வெளிச்சம்.

மேனேஜர் தொரை என் தோளில் கை வைத்தார். என் உத்தியோகக் காலத்தில் முதல் தடவை. தொரைச்சாணி உடை மாற்றப் போகிறார், நீயே அடுக்கு என்றார். பத்திரிகைப் பக்கத்தைக் கையில் கொடுத்தார்.

"பங்கியா வைக்கணும், பெரியமுத்து. பத்து நிமிஷம்."

பக்கம் மழையில் நனைந்து, ஐந்து சீஸும் திராட்சையும் ஒரே நிறமாகக் கரைந்திருந்தன. நான் கலங்கவில்லை. அழகாக அடுக்குவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். பதினோரு வருடமாக அதே மேடையில் தினம் அதைத்தானே செய்கிறேன். ஐந்து வெள்ளைப் பீங்கான் எடுத்தேன். ஒரே இடைவெளி விட்டு, ஒரே கோட்டில் வைத்தேன். இளசு இடதுபுறம், முற்றினது வலதுபுறம். ஒவ்வொன்றின் முன்னாலும் நம்பர் அட்டை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கரண்டி. குறிப்புப் புத்தகத்தில் புதுப் பக்கம் திருப்பி, பென்சில் சீவி வைத்தேன். கடைசியாக, விருந்தாளி மரியாதைக்காக, எச்சில் தொட்டியைப் புளி போட்டுத் தேய்த்து, பொன்னாக மின்ன வைத்து, முதல் நம்பருக்கு வலது பக்கத்தில் அது எப்போதும் நிற்கிற இடத்தில் நிறுத்தினேன். தள்ளி நின்று பார்த்தேன். என் கண்ணுக்கே பசி எடுத்தது.

பெரிய தொரை உள்ளே வந்தார். மேடையைப் பார்த்தார். "சார்மிங்," என்றார். ஒன்றாம் நம்பர்முன் நின்றார். கை தானாகக் கரண்டியை எடுத்தது. ஒரு துண்டு வாய்க்குள் போயிற்று. கண்ணை மூடினார். உறிஞ்சினார். நாக்கில் உருட்டினார். மூக்கு வழியாக மூச்சை விட்டார். இதற்குள் என் இடுப்பும் தானாகக் குனிந்து தொட்டியைச் சாய்த்துக் கொடுத்துவிட்டது.

துப்பினார்.

தான் செய்தது என்ன என்று அவருக்கு உறைத்ததா, தெரியவில்லை. உறைத்திருந்தாலும் அவர் பெரிய தொரை. செய்ததையே முறையாக்கிவிடுகிற வல்லமை உள்ளவர். "சுத்தமா இருக்கு, கொஞ்சம் மெலிவு," என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு இரண்டாம் நம்பருக்கு நகர்ந்தார். நான் எழுதிக்கொண்டேன். தொட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். பின்னால் நின்ற கல்கத்தாத் தொரை ஒரு கணம் யோசித்தார். மேலதிகாரி துப்பின சரக்கைக் கீழதிகாரி விழுங்கினால் அது என்ன அபிப்பிராயத்தைக் காட்டும்? அவரும் துப்பினார். கொச்சித் தொரை துப்பினார். எங்கள் மேனேஜர் தொரை, அறுபத்தொரு நாள் இந்தச் சீஸுக்காகத் தூங்காதவர், வாயில் போட்டு இரண்டு தடவை மென்றும் விட்டு, அவர்களைப் பார்த்து, துப்பினார். மூன்றாம் நம்பருக்கு 'நல்ல புகை'. நான்காம் நம்பருக்கு 'உடம்பு உண்டு, உயிர் இல்லை'. ஓட்டை போட்ட சீஸுக்கு 'சுவாரசியம்'. ஐநூற்றுச் சொச்சம் லிட்டர் பாலில் நின்று நிலைத்த ஐந்து கிலோவில் அவர்கள் தொட்டது என் உள்ளங்கை அளவு இருக்கும். அது அவ்வளவும் என் தொட்டிக்கு வந்து சேர்ந்தது. மீதிக்கு மழை ஈரம் பட்டுவிட்டது என்று அதையும் ஏசுதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே தொட்டியில் தள்ளினார்.

வடக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தாழ்வாரத்தில், கொட்டகைப் பிள்ளைகள். மழையால் அவர்களை அனுப்ப முடியாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். நனைந்த காகிதக் கொடியோடு முப்பது முகம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. முப்பத்தொன்றாவது முகம் குருவம்மாள் இடுப்பில். நான் தொட்டியை வெளியே கொண்டுபோய்க் கவிழ்க்கத் தாழ்வாரத்துக்கு வந்தேன்.

"கொழுந்தனாரே, உள்ள என்ன செய்றாக?"

"ருசி பாக்குறாக மதினி."

"பாத்துட்டு?"

"துப்புறாக."

"பிடிக்கலையாக்கும்?"

"பிடிச்சிருக்காம். எழுதியிருக்கேன்."

அவள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நான் கவிழ்த்தேன். மழைத் தண்ணீரோடு ஓடையில் போயிற்று.

அப்புறம் தொரைமார் கிளார்க்குகள் அறையில் ஆட்டிறைச்சி சாப்பிட்டார்கள். அதை யாரும் துப்பவில்லை.

மூன்று மணிக்குப் புறப்பட்டார்கள். தாழ்வாரத்தில் பெரிய தொரை நின்று பிள்ளைகளைப் பார்த்தார். நல்ல ஆரோக்கியமான பிள்ளைகள் என்றார். என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். பால், நாளைக்கு இரண்டு வேளை, சட்டப்படி, என்றார் எங்கள் மேனேஜர். அவர் பொய் சொல்லவில்லை. சட்டப்படி அப்படித்தான்.

பெரிய தொரை சின்னத்தாயியின் கன்னத்தைத் தொட்டார். அப்போதுதான் குருவம்மாள் ஓரடி முன்னால் வந்தாள்.

"தொரை, உங்க கம்பெனி இந்தப் புள்ளைகள்ட்ட அறுபத்தோரு நாள் பாலு கடன் வாங்கியிருக்கு. புத்தகத்துல எழுதியிருக்கு. இது நின்னுக்கிட்டிருந்த புள்ள, இப்ப நிக்கலை. எப்பத் திருப்பித் தருவீக?"

பெரிய தொரைக்குத் தமிழ் தெரியாது. சுற்றிலும் பார்த்தார். குறிப்புப் புத்தகத்தோடு நின்ற என்னிடம், என்ன சொல்கிறாள் என்று கேட்டார். எனக்கு ருசி பார்க்கிற இங்கிலீஷ் தெரியும். கடன் என்பதற்கும் பால் என்பதற்கும் இங்கிலீஷ் தெரியும். மேனேஜர் தொரை என்னைப் பார்த்தார். அழகுமலை தரையைப் பார்த்தார். குருவம்மாள் என் வாயைப் பார்த்தாள்.

"தேங்க் யூ சொல்கிறாள், சார்," என்றேன்.

பெரிய தொரை முகம் மலர்ந்தது. அதெல்லாம் ஒன்றுமில்லை என்று அவளிடம் சொல் என்றார்.

"என்னங்கிறாரு?" என்று கேட்டாள் குருவம்மாள்.

"ஒண்ணுமில்லையாம் மதினி."

"ஒண்ணுமே இல்லைங்கிறாரா? எழுதி வச்சது?"

ஜீப் கிளம்பிவிட்டது.

நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும். சீஸ் தட்டு மகத்தான வெற்றி. குருவிளா தொரைக்கு மூன்றே மாதத்தில் கொச்சி ஆபீசில் பதவி கிடைத்தது. போகுமுன் பால் விஷயத்தைக் கமிட்டி மறுபடி எடுத்துக்கொண்டது. நிலுவையை ஒரேயடியாகக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு வயிற்றுக்கு ஆகாது என்று கருதி, அவர்கள் நலனை முன்னிட்டு அது ஒத்திவைக்கப்பட்டது. மேலும், அறுபத்தொரு நாள் பால் இல்லாமலே ஒரு பிள்ளையும் சாகவில்லை என்பது இப்போது 'நிரூபணம்' ஆகிவிட்டதால், இனி நாளைக்கு ஒரு டம்ளர் போதும் என்றும் தீர்மானமாயிற்று. இது தீர்மானம் ஐந்து. இதிலும் சாட்சிக் கையெழுத்து நான்தான். சின்னத்தாயி மூன்று வயது நெருங்கும்போது நடந்தாள். காலிரண்டும் உள்ளே வளைந்திருக்கும். தாயோடு மலையேறும்போது மற்றப் பிள்ளைகளுக்குப் பின்னால் தெரிவாள்.

குருவம்மாள் அதற்கப்புறம் என்னை எச்சி ஆபீசர் என்று கூப்பிடுவதில்லை. எப்படியும் கூப்பிடுவதில்லை.

ஏழு வருடம் பரிசீலனையில் இருந்த என் விண்ணப்பம், விருந்து முடிந்த ஐந்தாம் நாள் அனுமதியாகி வந்தது. புதுச் சக்கரம். ரப்பர் வைத்தது. ஒரு விரலால் தள்ளினால் போகிறது. இடுப்புவலி அன்றோடு போய்விட்டது.

அதற்கப்புறம் கொட்டகைக்கு இரண்டு தடவை வெள்ளையடித்தார்கள். கரிக்கோடு இன்னும் மங்கலாகத் தெரிகிறது. அறுபத்தொரு கோடு, முப்பத்தொரு பிள்ளை, இரண்டிரண்டு டம்ளர். வெள்ளிக்குன்று எஸ்டேட் கம்பெனி திருப்பித் தர வேண்டிய பால் மூவாயிரத்து எழுநூற்று எண்பத்திரண்டு டம்ளர். அதில் நூற்றிருபத்திரண்டு சின்னத்தாயியுடையது.